ஓப்பன் செல் ஸ்பிரே ஃபோம் நமது கூரைக்குச் சரிவருமா? மட்டக்களப்பு, அம்பாறை வீட்டுக்காரர் கேட்கும் கேள்விகள்

கச்சான் காற்று தொடங்கிவிட்டால் எழுவான்கரையில் தகரக் கூரை வீட்டுக்குள் பகல் பன்னிரண்டு மணிக்கு மேல் இருக்க முடியாது. காத்தாடியைப் போட்டால் அதுவும் சூட்டையே அள்ளி வீசும். அந்த நேரம் பார்த்துத்தான் கனடாவிலிருந்தோ லண்டனிலிருந்தோ ஒரு வீடியோ வரும். முகமூடி போட்ட ஒருவர் குழாயால் பீய்ச்ச, பால் பொங்குவதுபோல வெள்ளை நுரை பொங்கிக் கூரையின் அடியை மூடிவிடும். "இதை நமது வீட்டுக்கும் அடிப்போமா?" என்று கேட்டுக்கொண்டு என்னிடம் வருவார்கள்.

களுவாஞ்சிக்குடிப் பக்கம் பல வருஷமாக வீட்டுக் கட்டு வேலை பார்க்கிறேன். கல்முனை, அக்கரைப்பற்று வரை கூரை வேலைக்குப் போயிருக்கிறேன். திரும்பத் திரும்ப வந்த கேள்விகளையும் நான் சொன்ன பதில்களையும் ஓரிடத்தில் எழுதி வைக்கிறேன். பெரிய காசு போட முன்னர் ஒருதரம் முழுதாக வாசியுங்கள்.

இந்த ஓப்பன் செல் ஃபோம் என்ன சாமான்?

பொலியூரித்தேன் நுரை. இரண்டு பீப்பாயில் இரண்டு திரவம் வரும். ஒன்றில் ஐசோசயனேட். மற்றதில் பொலியோல், அதோடு தீயைத் தணிக்கும் மருந்து, வினையை முடுக்கும் மருந்து, கொஞ்சம் தண்ணீர். இரண்டையும் சூடாக்கிச் சம அளவில் துப்பாக்கி முனையில் கலந்து அடிப்பார்கள். தண்ணீரும் ஐசோசயனேட்டும் சேர்ந்ததும் காபனீரொட்சைட்டு கிளம்பும். அந்த வாயுதான் நுரையை ஊத வைக்கிறது. சில நொடியில் அடித்த அளவின் நூறு மடங்குக்குப் பெருத்து நிற்கும்.

அப்பத்தின் நடுப்பகுதியைப் பிய்த்துப் பார்த்தால் கண் கண்ணாக இருக்கும் அல்லவா? அதே மாதிரி இந்த நுரைக்குள்ளும் கண்கள். ஓப்பன் செல்லில் அந்தக் கண்களின் சுவர் உடைந்து ஒன்றுக்கொன்று வழி திறந்திருக்கும். விரலால் அமுக்கினால் அமுங்கும், விட்டால் எழும்பும்.

ஓப்பன் செல், குளோஸ்ட் செல் என்று இரண்டு சொல்கிறார்களே?

குளோஸ்ட் செல்லில் கண்கள் மூடியபடி இருக்கும். அதனால் அது கட்டியானது, பாரமானது. தண்ணீரை உறிஞ்சாது, நீராவியும் லேசில் கடக்காது. ஓப்பன் செல் மெத்தென்றது. நீராவி அதற்குள்ளால் போய்வரும், தண்ணீர் பட்டால் குடிக்கும்.

பாரத்தில் வித்தியாசம் நன்றாகத் தெரியும். ஒரு கன மீற்றர் ஓப்பன் செல் சுமார் 8 கிலோ, குளோஸ்ட் செல் சுமார் 32 கிலோ. நமக்கு விளங்குகிற கணக்கில் சொல்கிறேன். நீளம், அகலம், உயரம் மூன்றும் 10 சென்ரிமீற்றராக ஒரு துண்டு வெட்டினால் ஓப்பன் செல் 8 கிராம் நிற்கும், அதாவது ஒரு பவுன். குளோஸ்ட் செல் நாலு பவுன். இதை மறக்க வேண்டாம், கீழே வேலையைச் சரிபார்க்கும் இடத்தில் தேவைப்படும்.

சூட்டை மறிக்கும் வலுவை விலைத்தாளில் ஆர் மதிப்பு என்று போடுவார்கள். ஓப்பன் செல்லுக்கு ஓர் அங்குலத்துக்கு 3.5 முதல் 3.8 வரை. குளோஸ்ட் செல்லுக்கு 6 முதல் 7 வரை. ஆக, குளோஸ்ட் செல் இரண்டு அங்குலம் செய்கிற வேலையை ஓப்பன் செல் நாலு அங்குலத்தில் செய்யும். அங்குலக் கணக்கில் ஓப்பன் செல் மலிவு. இன்னொன்றும் இருக்கிறது. குளோஸ்ட் செல்லை ஊதவைக்கப் பழைய வகையில் பயன்படும் வாயு, பூமியைச் சூடாக்குவதில் காபனீரொட்சைட்டைப்போல ஆயிரம் மடங்கு அளவுக்குப் போகும். தண்ணீரால் ஊதும் ஓப்பன் செல்லுக்கு அந்தக் குற்றம் இல்லை.

அடித்தால் எவ்வளவு சூடு குறையும்?

கணக்குப் போட்டே பார்ப்போம். 12 அடிக்கு 12 அடி அறை, மேலே வெறும் தகரம். நண்பகலில் தகரம் 60 பாகை, அறைக்குள் 30 பாகை என்று வையுங்கள். வெறும் தகரத்திலிருந்து அறைக்குள் இறங்கும் வெப்பம் ஏறத்தாழ 2,300 வாட். 9,000 பிடியு ஏசி ஒன்றால் வெளியே தள்ளக்கூடியது சுமார் 2,600 வாட். ஏசி படும் பாட்டில் பெரும்பகுதி தகரத்தோடேயே போய்விடுகிறது.

அதே கூரைக்கு ஓப்பன் செல் இரண்டு அங்குலம் இருந்தால் இறங்குவது சுமார் 270 வாட். நாலு அங்குலம் இருந்தால் 140. எட்டு அங்குலம் இருந்தால் 75.

இந்த மூன்று எண்களையும் பொறுமையாகப் பாருங்கள். முதல் இரண்டு அங்குலம் இரண்டாயிரம் வாட்டை மறிக்கிறது. அடுத்த இரண்டு அங்குலம் 130 வாட். அதற்கு மேல் போடுகிற நாலு அங்குலமும் சேர்ந்து 65 வாட். நமது ஊருக்கு நாலு அங்குலம் தாராளம். எட்டுப் போடச் சொல்பவர் பனி கொட்டும் ஊருக்கான கணக்கைச் சொல்கிறார்.

எங்கள் வீட்டில் ஏசி இல்லை, யன்னல் எல்லாம் திறந்தே கிடக்கும். ஃபோம் அடிக்கட்டுமா?

வேண்டாம். இதில் எனக்குக் கொஞ்சமும் தயக்கம் இல்லை.

கண்ணாடிப் பஞ்சும் பாறைப் பஞ்சும் ஓர் அங்குலத்துக்கு ஓப்பன் செல் அளவுக்கே சூட்டை மறிக்கும். அவற்றைவிடக் கூடக் காசு கொடுத்து ஃபோம் வாங்குவது ஒரே ஒரு காரியத்துக்குத்தான்: அது பொங்கிச் சந்து பொந்தெல்லாம் அடைத்துக் காற்றை மறிக்கும். யன்னலையும் கதவையும் திறந்து வைத்துக்கொண்டு கூரைச் சந்தை அடைப்பதால் என்ன கிடைக்கும்? வாவிக் காற்று உள்ளே வந்து வெளியே போகிற வீட்டில் உள்ளே இருப்பதும் வெளியே இருப்பதும் ஒரே காற்று. அந்த வீட்டில் உச்சந்தலையைச் சுடுவது காற்று இல்லை, காய்ந்த தகரம் மேலிருந்து வீசும் அனல்.

அனலை மறிக்க மலிவான வழி உண்டு. தகரத்தின் அடியில் வெள்ளித் தாள், அதாவது அலுமினியம் ஃபோயில், தகரத்தில் ஒட்டாமல் ஓரிரு அங்குலம் இடைவெளி விட்டு, பளபளக்கும் பக்கம் கீழே பார்க்க விரிக்க வேண்டும். பளபளப்பு மேலே பார்த்தால் ஒரு வருஷத்தில் தூசி படிந்து வேலை செய்யாமல் போகும். கூரைக்கு மேல் வெள்ளை நிறம் அடித்தால் தகரம் காய்வதே குறையும். இரண்டையும் செய்துவிட்டு ஒரு கச்சான் காலம் இருந்து பாருங்கள்.

தகரக் கூரையின் அடியில் நேராக அடிக்கலாமா? வீடியோவில் அப்படித்தானே அடிக்கிறார்கள்?

என் தங்கச்சி வீட்டுக் கதையைச் சொல்கிறேன். கல்லடியில் கடலுக்குக் கிட்ட, நாகத் தகரம், அதாவது துத்தநாகம் பூசிய தகரம், போட்ட வீடு. ஓர் ஆவணி மாதம் ஆட்கள் வந்து தகரத்தின் அடியில் நேராக ஓப்பன் செல் நாலு அங்குலம் அடித்தார்கள். "இனி இருபது வருஷத்துக்குக் கூரையைப் பார்க்கத் தேவையில்லை" என்று சொல்லிவிட்டுப் போனார்கள். உள்ளே சூடு குறைந்தது உண்மை. தங்கச்சி தொலைபேசியில் சொல்லிச் சொல்லிச் சந்தோஷப்பட்டாள். எனக்கும் சந்தோஷம்தான்.

மார்கழியில் படுக்கையறை யன்னலுக்கு மேலே சுவரில் தேயிலைச் சாயம் மாதிரி ஒரு கறை. நேர் மேலே ஏறிப் பார்த்தேன், தகரத்தில் ஓட்டை இல்லை. தேடித் தேடிப் பார்த்தால் ஆறு அடி தள்ளி, முகட்டுப் பக்கம் ஓர் ஆணியின் ரப்பர் வாசர் உப்புக் காற்றில் பொடிந்து கிடந்தது. தண்ணீர் அங்கே இறங்கி, ஃபோமுக்குள் ஊறி, சரிவோடு நகர்ந்து வந்து சுவரில் தலைகாட்டியிருக்கிறது. பாண் வெட்டுகிற கத்தியால் ஒரு துண்டு அறுத்தெடுத்துக் கையில் பிழிந்தேன். கோப்பை கழுவும் ஸ்பொன்ச் மாதிரித் தண்ணீர் முழங்கை வரைக்கும் ஓடியது.

என்னை அதிகம் யோசிக்க வைத்தது இன்னோர் இடம். ஓட்டையும் ஒழுக்கும் இல்லாத பகுதியிலும் ஒரு துண்டை அறுத்துப் பார்த்தேன். தகரத்தின் அடியில் ஈரம், அதன் மேல் வெள்ளைப் பொடியாக நாகம் அரித்திருந்தது. மழை இல்லாத தெளிந்த இரவில் தகரம் வெளிக்காற்றைவிடக் குளிர்ந்து போகும். கடலோரக் காற்றில் எப்போதும் ஈரம் நிறைய இருக்கும். அந்த ஈரம் ஓப்பன் செல்லுக்குள்ளால் மெல்லக் கடந்து குளிர்ந்த தகரத்தில் பட்டதும் தண்ணீராகிறது. விடியற்காலையில் மோட்டார் சைக்கிள் இருக்கையில் பனி பூத்திருக்குமே, அதே விஷயம்தான். திறந்த தகரம் வெயில் ஏறியதும் காய்ந்துவிடும். ஃபோம் மூடிய தகரம் காயப் பல நாள் எடுக்கும்.

தகரத்தில் நேராக அடித்தே ஆகவேண்டும் என்றால் குளோஸ்ட் செல் அடியுங்கள். அது நீராவியைத் தகரம் வரை போக விடாது. ஓப்பன் செல்லைத் தகரத்தில் ஒட்டவே வேண்டாம்.

எங்களுடையது ஓட்டு வீடு.

ஓட்டின் அடியில் எந்த ஃபோமும் வேண்டாம். ஓட்டுக் கூரை என்பது கழற்றி மாட்டுகிற கூரை. தேங்காய் விழும், அம்பாறைப் பக்கம் குரங்குக் கூட்டம் ஓடும், மாரிக்கு முன்னர் ஆள் ஏறி உடைந்த ஓட்டை உருவிவிட்டுப் புதிதைச் செருகுவோம். ஃபோம் அடித்தால் எல்லா ஓடும் ஒன்றாக ஒட்டிப்போகும். ஒன்றைக் கழற்றப் போய் நாலு உடையும். ஓட்டுக்கும் சிலாகைக்கும் இடையில் ஓடிக்கொண்டிருந்த காற்றும் நின்றுவிடும். நனைந்த மரம் பிறகு எப்படிக் காயும்?

அஸ்பெஸ்டஸ் சீற்?

ஃபோமைப் பிடிக்க வைப்பதற்காகச் சீற்றின் அடியைச் சுரண்டிச் சுத்தம் செய்வார்கள். அந்தத் தூசியில் கல்நார் இழை இருக்கும். அது நுரையீரலுக்குள் போனால் புற்றுநோய் வரைக்கும் கொண்டுபோகும். சுரண்டாமல் அடித்துவிடலாம் என்று நினைத்தாலும், பிறகு ஒருநாள் சீற்றைக் கழற்றும்போது முழுசாகக் கழற்ற முடியாது, உடைத்துத்தான் எடுக்க வேண்டும். சீற்றைத் தொடாமல் கீழே சீலிங் அடித்து, செய்ய வேண்டியதை அந்தச் சீலிங்கில் செய்யுங்கள்.

கொங்கிறீற் தட்டுப் போட்ட வீடு. இரவில்தான் தாங்க முடியவில்லை.

கொங்கிறீற் பகல் முழுக்கச் சூட்டைக் குடித்து வைத்துக்கொண்டு இரவில் கீழே விடுகிறது. அதற்குத் தடுப்பு மேல் பக்கத்தில் இருக்க வேண்டும், வெயில் தட்டைத் தொடவே கூடாது. ஓப்பன் செல் மழையும் வெயிலும் தாங்காது, அதனால் மேலே போட முடியாது. தட்டுக்கு மேலே கம்பிக் கால் நட்டு ஒரு தகரப் பந்தல் போட்டு, இடையில் காற்று ஓட விட்டால் நல்ல பலன். மேல்மாடி எழுப்பும் யோசனை இருந்தால் அந்தக் காசை அதற்கே வையுங்கள்.

சுவருக்கு?

கனடாவில் மரச்சட்டச் சுவர், நடுவில் வெற்றிடம் இருக்கும், அதற்குள் அடிக்கிறார்கள். நமது சீமெந்துக்கல் சுவரில் அடிக்க இடமே இல்லை. மேற்குச் சுவருக்கு ஒரு தாழ்வாரம் இறக்குங்கள், அல்லது ஒரு வேம்பு வையுங்கள்.

கனடாவில் எல்லாரும் அடிக்கிறார்களே, அங்கே நல்லதென்றால் இங்கே ஏன் கூடாது?

அங்கே வெளியே உறைபனி, உள்ளே சூடாக்கி ஓடும். காசு கொடுத்துச் சூடாக்கிய காற்று சந்துகளால் தப்பி ஓடாமல் பிடித்து வைப்பதுதான் அவர்களுடைய பாடு. அவர்கள் வீடு குளிர்காலம் முழுக்கப் பூட்டியே கிடக்கும். நமது பாடு வேறு. வெயிலை மறிக்க வேண்டும், ஈரத்தைக் காயவிட வேண்டும், வருஷா வருஷம் கூரையில் ஏறிப் பழுது பார்க்க வேண்டும்.

வெளிநாட்டிலும் எல்லாரும் சந்தோஷமாக இல்லை. பிரித்தானியாவில் கூரை மரத்தில் ஃபோம் அடித்த வீட்டுக்குக் கடன் கொடுக்கப் பல நிறுவனங்கள் தயங்குகின்றன. உள்ளே மரம் உக்கியிருக்கிறதா என்று யாராலும் பார்க்க முடியவில்லை என்பதுதான் காரணம். லண்டன் உறவினர் வீடியோ அனுப்பினால் அவர்களிடமே இதைக் கேட்டுப் பாருங்கள்.

அப்படியானால் ஓப்பன் செல் நமக்கு எங்கேயுமே சரிவராதா?

சரிவரும். ஏசி போட்டுக் கதவு மூடி வைக்கிற அறைக்கு. நோயாளி படுத்திருக்கும் அறை, பிள்ளை படிக்கிற அறை, மருந்துக்கடையின் களஞ்சிய அறை. அங்கேயும் கூரையில் அடிக்காமல் சீலிங்கின் மேல் அடிக்க வேண்டும்.

நான் செய்விக்கிற முறை இது. அறைக்கு நல்ல ஜிப்சம் சீலிங், திருகாணி நெருக்கமாக. அதன் மேல் முதுகில் நாலு அங்குலம் ஓப்பன் செல். சுவரும் சீலிங்கும் சேரும் சந்து, வயர் இறங்கும் துளை எல்லாவற்றிலும் ஃபோம் பொங்கி அடைக்கும், அதற்காகத்தானே காசு கொடுக்கிறோம். சுவரில் காற்றுப் போக விட்ட துவாரங்களை முதலில் அடைத்துவிடுங்கள். பாரத்தைப் பற்றிப் பயம் வேண்டாம், 12க்கு 12 அறைக்கு மொத்தமே 11 கிலோ அளவில்தான் வரும். ஃபோமுக்கும் கூரைக்கும் நடுவில் பழையபடி காற்று ஓட வேண்டும். தாவாரத்தில் வலை அடித்த துவாரம், முகட்டில் காற்று வெளியேற வழி, இரண்டும் வேண்டும். கூரை இப்படித் தனியாக நிற்பதால் ஓடோ தகரமோ எப்போதும் போலக் கழற்றி மாற்றலாம். ஒழுகினால் ஒழுகுகிற இடத்தை மேலே ஏறிக் கண்ணால் பார்க்கலாம்.

ஏசியை 26 பாகையில் வையுங்கள். இது கறண்ட் பில்லுக்காக மட்டும் சொல்வதில்லை. 18இல் வைத்தால் சீலிங் பலகை அவ்வளவுக்குக் குளிர்ந்துபோகும். மேலே இருக்கும் கடலோர ஈரம் ஓப்பன் செல்லுக்குள்ளால் இறங்கி அந்தக் குளிர்ந்த பலகையில் தண்ணீராகும், பிறகு கறுப்புப் பூஞ்சணம் பிடிக்கும். சீலிங்கின் கீழ்ப்பக்கத்துக்கு எனாமல் அடிக்க வேண்டாம். சாதாரண இமல்ஷன் போதும், பலகை மூச்சுவிட வேண்டும்.

இதே சீலிங்குக்கு மேல் கண்ணாடிப் பஞ்சு போட்டால்?

சூட்டை மறிப்பதில் கிட்டத்தட்ட அதே பலன், செலவு குறைவு. சந்துகளை நீங்களே சிலிக்கோனாலும் பட்டியாலும் கவனமாக அடைக்க வேண்டும். பொறுமையான மேசன் கிடைத்தால் நான் பஞ்சைத்தான் சொல்வேன். பிறகு கழற்றிச் சுருட்டி எடுக்கலாம் என்பது எனக்குப் பெரிய விஷயம். சந்து அதிகமான, கோணல் மாணலான பழைய அறை என்றால் ஃபோம் வெல்லும்.

கறையான் ஃபோமைத் தின்னுமா? எலி, அணில்?

கறையானுக்கு ஃபோம் சாப்பாடு இல்லை, மறைவான பாதை. சுவரில் மண்கோடு ஏறுவதைப் பார்த்துத்தானே நாம் கறையானைப் பிடிக்கிறோம்? ஃபோம் அந்தக் கோட்டை மூடிவிட்டால் வளை மரம் உள்ளே கோறையாகும் வரைக்கும் தெரியாது. முதிரையும் பாலையும் என்றால் கொஞ்சம் தாங்கும், இப்போது வருகிற பிஞ்சு மரம் தாங்காது. அதனால் சுவர் உச்சியிலும் வளையிலும் ஒரு சாண் அகலமாவது ஃபோம் படாமல் விடச் சொல்லுங்கள். அடிக்க முன்னர் கறையான் மருந்தையும் அடித்து முடியுங்கள்.

எலிக்கு ஓப்பன் செல் மெத்தை. குடைந்து குட்டி போடும். தாவாரத் துவாரத்துக்குப் பிளாஸ்டிக் வலை போட்டால் கடித்துவிடும், துரு ஏறாத கம்பி வலை போடுங்கள்.

தீப்பிடிக்குமா?

பிடிக்கும். தீயணைப்பு மருந்து கலந்திருந்தாலும் பொலியூரித்தேன் எரியக்கூடியதுதான். எரியும்போது வரும் கறுப்புப் புகையில் ஐதரசன் சயனைட்டும் இருக்கும், சில மூச்சிலேயே ஆளை விழுத்திவிடும். அதனால்தான் அமெரிக்கக் கட்டட விதிகளில், ஆட்கள் இருக்கும் அறைக்கும் ஃபோமுக்கும் நடுவில் அரை அங்குல ஜிப்சம் பலகை அளவுக்கு ஒரு தடுப்பு இருக்க வேண்டும் என்று வைத்திருக்கிறார்கள். பிளாஸ்டிக் சீலிங் பட்டி அந்தத் தடுப்பு ஆகாது, அது உருகி விழும்.

விறகடுப்பு உள்ள குசினியில் ஃபோம் கூடவே கூடாது. சீலிங்குக்குள் பதிக்கும் லைட்டைச் சுற்றி ஃபோம் நெருங்கக் கூடாது, வயர் இணைக்கிற பெட்டிகள் மூடப்படக் கூடாது. பழைய வயரிங் என்றால் முதலில் அதை மாற்றுங்கள், ஃபோமைப் பிறகு யோசிக்கலாம்.

அடிக்கும்போது வீட்டில் இருக்கலாமா? அம்மாவுக்கு முட்டு வருத்தம் (ஆஸ்துமா).

அம்மா மட்டுமில்லை, யாருமே இருக்கக் கூடாது. அடிக்கும் நேரத்து ஐசோசயனேட் ஆவி நல்ல சுவாசப்பை உள்ளவருக்கே முட்டு வருத்தத்தைக் கொண்டுவரும். ஒருதரம் ஒத்துக்கொள்ளாமல் போனால் பிறகு கொஞ்சம் பட்டாலே இழுப்பு வரும். அடிப்பவர் முழு உடுப்போடு, குழாயால் தனிக்காற்று வரும் முகமூடி போட்டிருக்க வேண்டும். துணி முகக்கவசத்தோடு ஒருவர் வந்து நின்றால் அவரைத் திருப்பி அனுப்புங்கள், அந்தப் பிள்ளையின் உயிருக்காகவும்தான் சொல்கிறேன்.

அடித்து முடிந்து குறைந்தது 24 மணிநேரம் யன்னல் எல்லாம் திறந்து விட்டு, வீட்டார் உறவினர் வீட்டில் தங்குவது நல்லது. அம்மாவை இன்னும் இரண்டு நாள் கழித்துக் கூட்டி வாருங்கள். கிணற்றையும் தண்ணீர்த் தாங்கியையும் பொலித்தீனால் மூடுங்கள், கோழிக்கூட்டை நகர்த்துங்கள். காத்தான்குடி, சாய்ந்தமருது மாதிரிச் சுவரோடு சுவர் ஒட்டிய இடங்களில் பக்கத்து வீட்டாருக்கு முதல் நாளே சொல்லிவிடுங்கள். பறக்கும் துளி அவர்கள் வாகனத்தில் ஒட்டினால் லேசில் போகாது.

ஒரு கிழமை கழித்தும் மீன் வெடில் மாதிரி வாடை நின்றால் இரண்டு திரவமும் சரியான அளவில் கலக்கவில்லை என்று சந்தேகப்படுங்கள். அப்படியான ஃபோம் பிசுபிசுத்தோ பொடியாக உதிர்ந்தோ இருக்கும், சுருங்கி மரத்தை விட்டு விலகும். மேலே எதையாவது பூசி மறைக்கச் சொல்வார்கள், சம்மதிக்காதீர்கள். சுரண்டி எடுக்க வேண்டியதுதான்.

விலை கேட்கும்போது என்ன கேட்பது? வேலை சரியா என்று எப்படிப் பார்ப்பது?

போர்ட் ஃபுட் என்ற அளவில் விலை சொல்வார்கள். ஒரு சதுர அடி, ஓர் அங்குலக் கனம் என்றால் ஒரு போர்ட் ஃபுட். 12க்கு 12 அறை 144 சதுர அடி. நாலு அங்குலம் என்றால் 576 போர்ட் ஃபுட். விலைத்தாளில் கனம் எழுத்தில் இருக்க வேண்டும், "தேவையான அளவு" என்று எழுதினால் திருத்தித் தரச் சொல்லுங்கள். பீப்பாயில் இருக்கும் காலாவதித் திகதியை நீங்களே பாருங்கள். அந்த மருந்து சூட்டுக்குக் கெடக்கூடியது, வெயிலில் கிடந்த பீப்பாய் என்றால் திகதி சரியாக இருந்தாலும் நம்ப முடியாது.

அடித்து முடிந்ததும் ஓர் ஈர்க்கை எடுத்து நாலு அங்குலத்தில் பேனையால் கோடு போடுங்கள். ஃபோமில் பத்துப் பன்னிரண்டு இடத்தில் குத்திப் பாருங்கள், ஓரங்களில் கட்டாயம் குத்துங்கள், அங்கேதான் மெலிதாக விடுவார்கள். கோடு வெளியே தெரிந்தால் அந்த இடத்தைத் திரும்ப அடிக்கச் சொல்லுங்கள்.

அப்புறம் அந்தப் பவுன் கணக்கு. மிச்சமாக வெட்டி எறிகிற ஃபோமில் ஓரம் போகாத ஒரு கட்டியை எடுத்து, பத்துச் சென்ரிமீற்றர் வாக்கில் சதுரமாக வெட்டித் தெரிந்த நகைக்கடையில் நிறுத்துத் தரச் சொல்லுங்கள். 8 கிராமுக்குக் கிட்ட வந்தால் சரி. 5, 6 என்று வந்தால் கலவை பிழைத்திருக்கிறது. நானே காத்தான்குடியில் ஒரு கடையில் இப்படி நிறுத்திருக்கிறேன், கடைக்கார நானா ஆர்வமாக இரண்டு தரம் நிறுத்துக் காட்டினார்.

ஹாட்வெயாரில் விற்கிற கான் ஃபோமை நாமே வாங்கி அடித்தால்?

அது யன்னல் நிலையைச் சுற்றிச் சந்து அடைக்கிற சாமான். அந்த வேலைக்கு அருமையானது. கூரைக்கோ சீலிங்குக்கோ போதாது.

மழைச் சத்தம் குறையுமா?

நன்றாகக் குறையும். மெத்தென்றிருப்பதால் ஓப்பன் செல் சத்தத்தைக் குடித்துவிடும். மாரியில் தகரத்தின் கீழே பாடம் படிக்கிற பிள்ளைக்குப் புத்தகத்தில் கவனம் நிற்கும். என் தங்கச்சி வீட்டில் கூரையிலிருந்த ஃபோம் முழுவதையும் சுரண்டி எடுத்த பிறகு அவள் இழந்ததாகச் சொன்னது இந்த ஒன்றைத்தான். சீலிங் மேல் அடித்தாலும் கணிசமாகக் குறையும்.

ஃபோம் கூரையைப் பிடித்துக்கொள்ளுமாம், சூறாவளிக்கு நல்லதாமே?

1978 நவம்பர் சூறாவளியைக் கண்டவர்கள் இதைக் கேட்பார்கள், நியாயமான கேள்வி. குளோஸ்ட் செல் கட்டியாக ஒட்டுவதால் கொஞ்சம் பிடிக்கும். ஓப்பன் செல்லால் அப்படி ஒரு பலமும் இல்லை. கைமரத்தை வளையோடும் வளையைச் சுவரோடும் இரும்புப் பட்டியால் கட்டுங்கள், தகரத்துக்கு ஆணியை விட்டுத் திருகாணி போடுங்கள்.

எந்த மாதத்தில் அடிப்பது?

சித்திரையிலிருந்து ஆவணி வரைக்கும். மரத்தின் ஈரம் 19 வீதத்துக்குக் கீழே இருக்க வேண்டும், ஈர மரத்தில் ஃபோம் பிடிக்காது. ஆனால் அவசரப்பட வேண்டாம். மாரியில் ஒருதரம் குடையோடு வீட்டைச் சுற்றி வந்து, கூரைக்குள் ரோர்ச் அடித்து ஒழுக்கு இருக்கும் இடத்தை எல்லாம் கரித்துண்டால் குறித்து வையுங்கள். தை கழிந்ததும் அவற்றை அடையுங்கள். பங்குனியில் கறையான் மருந்து, பிறகு சீலிங், அதற்குப் பிறகு ஃபோம்.